தொப்பிகள்

பாய்களைச் சுருட்டிக்கொண்டு துறைமுக வாயிலில் காத்து நிற்கிறது கப்பல். நோய் இல்லை என்று வைத்தியர் சொன்னால்தான் அது கரைக்கு வரலாம். அவர் படகில் இருந்தபடியே அண்ணாந்து பார்க்கிறார். மேலே மாலுமிகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். கழுவிவிட்ட தளத்திலிருந்து வெயிலில் ஆவி எழுகிறது. கந்தகப் புகையின் நெடி கீழே இறங்கி மூக்கைத் துளைக்கிறது. "எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, பாருங்க!" என்று கப்பல் தலைவன் சிரித்துக்கொண்டே கத்துகிறான். "நோயே இல்லாத கப்பலுக்கு எதுக்குங்க இவ்வளவு புகை?" என்று முணுமுணுக்கிறான் படகோட்டி. "நல்லாப் பாருங்கய்யா. கரையில இறங்கினா முதல் வீடு என் வீடு." அலை கப்பலைத் தூக்கிப் போடுகிறது. ஆளுக்கொரு பக்கம் தள்ளாடி நிமிர்கிறார்கள். நடுவில் இருப்பவன் மட்டும் பக்கத்து ஆள் சாயும் பக்கமே சாய்கிறான். அவன் தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கிறது. "எல்லாரும் தொப்பியக் கழட்டுங்க!" என்கிறார் வைத்தியர். தலைவனின் சிரிப்பு அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு தொப்பியாக இறங்குகிறது, காற்றில் தலைமுடிகள் பறக்கின்றன. நடுவில் இருப்பவனின் தொப்பியைப் பக்கத்து ஆளின் கை கழற்றுகிறது.