முன்மாதிரி வீட்டு மாப்பிள்ளை

றிபாத் அத்தர் பூசிக்கொண்டிருந்தார். காதுமடலில், மணிக்கட்டில், பிறகு சேர்ட்டின் நெஞ்சுப் பக்கத்தில். பின்னேர அஸர் தொழுகை முடித்து வந்த மனிதருக்கு இந்த நேரத்தில் இவ்வளவு வாசம் எதற்கு என்று அடுப்படி வாசலில் நின்ற மனைவி றுஸ்னா யோசித்தாள்.

“சேகரிப்பு சென்ரருக்குப் போயிட்டு வாறன் புள்ள.” அவள் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் கழிவுப் பைகளைக் கொழுவிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

றிபாத் ‘பசுங்கரை’ கழிவுக் குறைப்பு நிறுவனத்தின் இணைப்பாளர். கல்முனையில் எந்தக் கூட்டத்திலும் கழிவில்லா வாழ்வைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். ஆறிய பிறகும் பேசுவார். சாய்ந்தமருதில் றுஸ்னாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் கேற்றில் ‘குப்பையில்லா முன்மாதிரி வீடு’ என்று பலகை தொங்கியது. அதைத் திறந்து வைத்தவரும் அவரே, கைதட்டலைத் தொடக்கி வைத்தவரும் அவரே.

பேச்சு அவருடையது, வேலை றுஸ்னாவுடையது. தயிர்க் கோப்பைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பால்மாப் பைக்கற்றுகளை வெட்டி அலசி, கொடியில் உடுப்போடு உடுப்பாகக் கிளிப் போட்டுக் காய வைத்தாள். ஒழுங்கைச் சனமே பார்த்துச் சிரித்தது.

கூடப்பிறந்த மூத்தவள் றுக்ஸானா ராத்தா தன் மகளின் கலியாணத்தில் சோற்றுப் பார்சலைப் பொலித்தீனில் கட்டிவிட்டாள் என்று, அவளோடும் றுஸ்னா பேச்சை நிறுத்தியிருந்தாள். “என்ட மாப்பிள்ளைட வேலைக்கு நானே துரோகம் செய்யவா?” என்று கணவனுக்காகச் சபையில் வைத்துக் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்தவள். அதற்குப் பிறகு வந்த பெருநாளுக்குக்கூட ராத்தா வீட்டுப் படி மிதிக்கவில்லை.

பைக் சத்தம் மறைந்ததும் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டு சுபைறாவின் தலை வந்தது.

“போயிட்டாரா?”

“ஓம், சென்ரருக்கு.”

“சென்ரர் எப்ப மாவடிப்பள்ளி ஊருக்குப் போன? என்ட தம்பி கனதரம் கண்டிரிக்கான் றுஸ்னா. வயலோரத்தில மாப்பிள்ளை மௌத்தாகித் தனிச்ச விதவைப் பொம்புள ஒண்டு இரிக்கா, பஸ்லியா எண்டு. அவட வளவுக்குள்ளதான் இவர்ர பைக் போகுதாம்.”

“சும்மா கதையாத.”

“அப்ப ஏன் வந்த கையோட கிணத்தடிக்குப் போறாரு? குளிச்சிட்டுத்தானே உள்ள வாறாரு?”

றுஸ்னா அடுப்பை அணைத்தாள். குளிப்பது உண்மைதான்.

இருவரும் ஏறிய ஆட்டோ காரைதீவைத் தாண்டி வயல்வெளிக்குள் இறங்கும்வரை சுபைறா வாய் மூடவில்லை. காதி நீதிமன்றம், பள்ளிவாசல் நிருவாகம், கைநீட்டக்கூடிய தன் மச்சினன் என்று எல்லா ஏற்பாடும் அவளிடம் இருந்தது. “வீடு உன்ட பேர்ல இரிக்கி. அத மட்டும் மறந்திடாத,” என்றாள். றுஸ்னா முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

பஸ்லியாவின் வேலிக்கு அந்தப் பக்கம் றிபாத்தின் பைக் நின்றது. பெண்குரல் ஒன்று சிரித்தது.

“இண்டைக்குச் சுணங்கிட்டீங்க சேர். நான் வழியப் பாத்துப் பாத்து இருந்தன்.”

“என்ன செய்ய? அவட கண்ணுக்குத் தப்பி வரணுமே. தெரிஞ்சா என்ட கதை முடிஞ்சிடும்.” அது றிபாத்தின் குரல்.

றுஸ்னா படலையைத் தள்ளிய வேகத்தில் அதைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது.

“எவ்வளவு காலமா நடக்குது இது?”

மேடையில் வற்றாத றிபாத்தின் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

பஸ்லியாவோ வெட்கப்படவும் இல்லை, ஓடி ஒளியவும் இல்லை. “நீங்கதானா சேர்ர பொஞ்சாதி? வாங்க தங்கச்சி, வாங்க!” என்று கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

அங்கே நிலத்தில் தோண்டிய ஒரு கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. கரும்புகைக்குள் தயிர்க் கோப்பைகள் உருகின. ஓரத்தில், றுஸ்னா வெட்டி அலசி அடுக்கிய பால்மாப் பைக்கற்றுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

“உங்கட வீட்டுக் குப்பை மாதிரி ஒண்டும் எரியாது தங்கச்சி,” என்றாள் பஸ்லியா, மனசாரப் பாராட்டி. “கழுவிக் காய வெச்சி அனுப்புறதால சட்டெண்டு பத்தும். இவர்ர ஒப்பீஸ் மத்த சேர்மார் கொண்டு வாறதெல்லாம் ஒரே ஈரம்.”

சுபைறா நெஞ்சில் கை வைத்தாள். “அல்ஹம்துலில்லாஹ்! குப்பைதானா? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்.” குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

அதைக் கேட்டதும் றிபாத்துக்கு உயிர் வந்தது. “வல்லாஹி, வேற ஒண்டும் இல்ல புள்ள! பிளாஸ்டிக் எடுக்கிற கொம்பனிக்காரன் வாறத நிப்பாட்டிட்டான். வெளிய சொன்னா திட்டம் நிண்டிடும். நாங்க பொய்யும் சொல்லல்ல. எங்கட பிரதேசத்தில குப்பை குறைஞ்சிதானே இரிக்கி? இது பக்கத்துப் பிரதேசம்.”

றுஸ்னா நெருப்பையே பார்த்தாள். புகை கண்ணைக் கரித்தது. அத்தரும் கிணற்றடிக் குளிப்பும் இந்த நாற்றத்தை மறைக்கத்தான். பிறகு கணவனின் பக்கம் திரும்பினாள்.

“இதுக்கு நீங்க ரெண்டாம் கலியாணமே முடிச்சிருக்கலாம்!”