இருட்டுக்கு ஏற்ற போன்

"பாத்ரூம்ல லைட்டை அணைச்சுட்டா, இந்த ரெண்டுல எதுல நல்லாத் தெரியும்?"

விற்பனைப் பெண்ணின் கை வெள்ளை போனின் மேல் அப்படியே நின்றது. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று ஆளை ஏறிட்டுப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"கேமராவைக் கேக்கிறீங்களா சார்?"

"ஆமாம்மா. எனக்கு வேற எதுவும் வேண்டாம், கேமரா மட்டும் போதும்."

வெள்ளையும் நீலமும் கீரியும் பாம்புமாகச் சண்டை போடும் இரண்டு கம்பெனிகளின் போன்கள். விலையில் நூலளவுதான் வித்தியாசம். எல்லாரிடமும் பாடுகிற பாட்டையே இவரிடமும் ஒப்பித்தாள். பேட்டரி இதில் அதிகம், திரை அதில் பெரிது, இது தண்ணீரில் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மனிதர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

"அதெல்லாம் கிடக்கட்டும். எடுத்த வீடியோவை அந்த இடத்துலேர்ந்தே அனுப்பிடலாமா? பொண்ணுங்க ஹாஸ்டல். சிக்னல் கொஞ்சம் மோசம்."

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். சீ, இதை ஒரு பெண்ணிடமே கேட்க எப்படி வாய் வருகிறது? கூச்சநாச்சம் இல்லாத ஜென்மம். ஆள் போனதும் இரண்டு போனையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், கூடவே தன் கையையும்.

அடுத்து அவர் செய்ததுதான் கூத்து. பேன்ட் பையிலிருந்து ஒரு பழைய டி.வி. ரிமோட்டை எடுத்தார். அதைக் கேமராவுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போன் திரையை உற்று உற்றுப் பார்த்தார். வெள்ளையில் பார்த்தார், நீலத்தில் பார்த்தார், மறுபடி வெள்ளையில் பார்த்தார். அசிங்கம் பிடித்த புத்தி, அதோடு மூளையும் பிசகிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள்.

"இங்க வெளிச்சம் ஜாஸ்தி, நிச்சயமாச் சொல்ல முடியல" என்றபடி ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இருட்டா ஒரு ரூம் இருக்காம்மா?"

அவ்வளவுதான். ஓரமாக நகர்ந்து, சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு பொறுக்கி வந்திருக்கான். பாத்ரூம், இருட்டு ரூம்னு என்னென்னமோ பேசுறான்."

"நீ பயப்படாதே தங்கச்சி. இதோ கிளம்பிட்டேன். வந்து அவன் தோலை உரிக்கிறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளி என்றால் இவரல்லவா முதலாளி! வேலைக்கு வரும் பெண்கள் யூனிஃபார்ம் மாற்றிக்கொள்ளக் கடைக்குப் பின்னால் தனி அறை ஒதுக்கியிருக்கிறார். அதற்கு உறுதியான தாழ்ப்பாள், ஆளுயரக் கண்ணாடி, போன மாதம் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டிய கடிகாரம். கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டான்.

அந்தத் தைரியத்தில் திரும்பி வந்தாள். "யோவ், வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கோ. உனக்கெல்லாம் பொண்ணு இல்லையா?"

அவர் முகம் விழுந்துவிட்டது.

"இருக்காம்மா. அவளுக்குத்தான் இந்தப் போன்."

அவள் விழித்தாள்.

"அவ தங்கியிருந்த ஹாஸ்டல்ல, குளிக்கிற ரூம் சுவத்துல எவனோ கேமரா ஒளிச்சு வச்சிருந்தான். அன்னையிலேர்ந்து என் பொண்ணு யார் முகத்தையும் பார்க்க மாட்டேங்குறா. நாளைக்கு வேற ஹாஸ்டல்ல சேர்க்கிறேன். அந்த மாதிரி கேமரா இருட்டுல ஒரு வெளிச்சம் விடும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, சில போன்ல மட்டும் ஊதாப் புள்ளியாத் தெரியும். ரிமோட்லயும் அதே வெளிச்சம்தான். அதான் எந்தப் போன் அதைப் பிடிக்குதுன்னு பார்த்தேன். புள்ளி தெரிஞ்சா அங்கேர்ந்தே வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிடுவா. அங்கயாவது அவ பயமில்லாமக் குளிக்கணும்."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அருவருப்பு மட்டும் அடங்கவில்லை. அது இப்போது முகம் தெரியாத அந்த ஹாஸ்டல்காரன் மேல் பாய்ந்தது. உடை மாற்றுகிற பெண்ணை ஒளிந்து பார்க்கிறவன் சோற்றைத்தான் தின்கிறானா?

"மன்னிச்சுக்கோங்க சார். வாங்க, எங்க ரூம்லயே பார்த்துடலாம். லைட்டை அணைச்சா கும்மிருட்டு."

அறை வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். "பொண்ணுங்க ரூம். நான் உள்ளே வரலை. நீ போய் லைட்டை அணைச்சுட்டுக் குரல் குடு. கதவு இடுக்கு வழியா ரிமோட்டை நீட்டி அமுக்குறேன்."

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தி, விளக்கை அணைத்தாள். ஆர்வம் தாங்காமல் நீலத்தைத் தூக்கிச் சுற்றுமுற்றும் காட்டினாள். ஒன்றுமே இல்லை. வெள்ளையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரில், கடிகாரம் இருக்கும் இடத்தில், ஊதாவாக ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது. குரல் கொடுப்பதற்குள் அவர் அமுக்கிவிட்டார், ரிமோட் வெளிச்சம் கடிகாரக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது போலிருக்கிறது.

"வெள்ளைதான் சார்! சூப்பராத் தெரியுது!" என்று உள்ளிருந்தே கத்தினாள். "போதும், ரிமோட்டை நிறுத்துங்க."

கடை வாசலில் முதலாளியின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கதவுக்கு வெளியிலிருந்து அவர் மெல்லச் சொன்னார்:

"ரிமோட் இன்னும் என் பையிலதான்மா இருக்கு."