பூட்டனார் படம்

மகனோடு பெண் பார்க்க வந்த புங்குடுதீவு வைத்திலிங்கத்தை அசத்துவதற்கென்றே, ஊர்காவற்றுறை வாடிவீட்டில் தங்கியிருந்த ஸ்கொட்லாந்து அம்மையாரையும் அம்பலவாணர் அழைத்திருந்தார். அம்மையார் விக்டோரியா மகாராணி காலத்து ஓவியர்களை ஆராய்பவர்.

"எங்கட பூட்டனார், பாட்டனாரின்ரை தகப்பன், மணியகாரர். கவர்னரே ஆள் அனுப்பிக் கீறுவிச்ச படம்," என்று அம்பலவாணர் சுவரைக் காட்டினார். தலைப்பாகை, தாடி, படக் கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு, மாலை.

அம்மையார் சிரித்தபடி ஏதோ சொன்னார். அம்பலவாணரின் மகள், ஆங்கில ஆசிரியையான மணப்பெண் கமலாதேவி, அதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"ஐயா, இது லண்டன் ஓவியர் ஒருத்தர் துருக்கி வேசம் போட்டுத் தன்னைத்தானே கீறினதாம். சவர்க்காரக் கொம்பனி விளம்பரத்துக்கு அச்சடிச்சு ஊரூராய்ச் சும்மா குடுத்ததாம்."

கலியாணம் குழம்பப்போகிறதென்று அம்பலவாணருக்கு வியர்த்தது. ஆனால் எழுந்து கத்தியவர் வைத்திலிங்கம்.

"விசர்க்கதை! இது சுத்தமான தமிழ்ப் பெரிய மனுசன்ரை முகம். வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும்?"

"கேட்டியே பிள்ளை?" அம்பலவாணருக்கு உயிர் திரும்பியது. "சம்பந்தியாரே சொல்லுறார்!"

மாப்பிள்ளை யோகநாதன் தொண்டையைச் செருமினான்.

"ஐயா, எங்கட வீட்டிலை பூட்டனார் எண்டு நீங்கள் பூ வைக்கிறதும் இதே படத்துக்குத்தானே?"

வைத்திலிங்கம் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் தகப்பன் வழியிலை ஒரே பூட்டனார் எண்டால், இவர் எனக்கு அண்ணை முறையெல்லோ?" என்றாள் கமலாதேவி. "கலியாணம் செய்ய ஏலாதே!"

தகப்பன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வைத்திலிங்கம் எழுந்து கதிரையைப் பிடிக்க, அம்பலவாணர் அதில் ஏறிப் படத்தைக் கழற்றினார்.

"எட, இந்த வெள்ளைக்காரனை ஆர் இஞ்சை கொழுவினது?"