முகம் பார்த்துப் பேசுதல்

காலை பத்து ஐம்பது. கிராம சபை கூடப் பத்து நிமிடமே இருந்தது. சமுதாயக் கூடத்தின் பின்வாசலில் மாயக்காள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“தேனியில பயிற்சிக்குப் போனப்ப, லட்சியம்னு நோட்டுல என்னக்கா எழுதுனீக?” என்றாள் பக்கத்து வீட்டு அனுசுயா.

“ஆறு மாசத்துக்குள்ள அவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லிரணும்னு.”

“வருசம் ஒன்னாச்சு. கண்டக்டர், பேங்க்காரர்னு ஒவ்வொருத்தர்கிட்டயா பேசிப் பழகியாச்சு. இவுக மட்டும் என்ன புலியா?”

“அடுத்த கூட்டத்துல சொல்றேனே.”

“போன கூட்டத்துலயும் இதத்தேன் சொன்னீக. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுக்கா.”

அனுசுயா அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

மேடையில் தலைவர் நாற்காலியில் ஈஸ்வரபாண்டி சாய்ந்திருந்தார். மாயக்காள் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“அடுப்ப விட்டுட்டு இங்கன என்ன சோலி?” என்றார் அவர். “புருசன் தலைமை தாங்குறதப் பாக்க வந்தியாக்கும்?”

கூட்டம் சிரித்தது. மாயக்காள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஊரு ஓட்டுப் போட்டது எனக்கு. எந்திரிங்க, நான் உக்காரணும்.”