விருந்தாளி தூங்குறார்

திரையில் யானை படுத்திருந்தது.

பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில், ஒருக்களித்து, கால்களை நீட்டி. வேப்பமர நிழல் அதன் முதுகில் பாதிதான் விழுந்திருந்தது.

அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் அவள் வேலை பார்க்கும் விளம்பர அலுவலகத்தின் எல்லாத் திரைகளிலும் இன்று யானைதான். விடியும்போது காட்டிலிருந்து இறங்கி, மலையடிவார ஊரின் கடைவீதியை நடந்தே கடந்ததாம். ஒரு தள்ளுவண்டியைக்கூட உரசவில்லை. மைதானத்துக்குள் போனது. படுத்துக்கொண்டது.

பார்த்ததும் அவளுக்கு ஒரு வரி தோன்றியது. அவள் எழுதுவது ஒரு மெத்தைக் கம்பெனிக்கு.

*உஷ்... விருந்தாளி தூங்குறார்.*

யானையின் படம். அடியில் அந்த வரி. மூலையில் கம்பெனி பெயர், சின்னதாக. இணையத்தில் போட்டாள்.

காபி ஆறுவதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

அந்த ஊருக்கும் போனது. யாரோ அதை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். பஸ்கள் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தன. பூக்காரி கூவாமல் பூ விற்றாள். கோயில் ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது. மைதானத்தைச் சுற்றி ஊரே திரண்டு, வாயில் விரல் வைத்து நின்றது.

தான் கண்ட கனவுக்குள் ஒரு ஊர் முழுக்க நடந்து வந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

அலுவலகத்திலும் யாரும் உரக்கப் பேசவில்லை.

அவளுடைய மேலதிகாரி ஜெரால்ட் சார்கூட குனிந்து கிசுகிசுத்தார்.

"ஊரே எங்க பார்க்குதோ, அங்க போய் நிக்கணும். அழகா நிக்கணும். அவ்வளவுதான் நம்ம தொழில். புதுசா சேர்ந்தவங்களுக்கு நீயே கிளாஸ் எடுத்துடு, நிலோஃபர்."

அவள் சிரித்தாள்.

அப்போதுதான் திரையில் வயதான ஒருவர் வந்தார். யானைகளை வெகுகாலம் பார்த்தவராம்.

"வெயில்ல இவ்வளவு நேரம் படுத்திருக்காது. இது தூக்கமா இருக்காது" என்றார்.

செய்தி வாசிப்பவள் தலையாட்டினாள். படம் மறுபடி கூட்டத்துக்குப் போய்விட்டது. கூட்டம் அத்தனை அழகாக இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் பெரிய பை, தோளில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய்.

அவர் ஏதோ சொன்னார். நின்றவர்கள் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்கள். அவர் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு பெண் அவர் கையைப் பிடித்து, குழந்தை தூங்கும் அறையிலிருந்து கூட்டிப்போவதுபோல, மெல்லப் பின்னால் நகர்த்தினாள். கோபமே இல்லை. எல்லோரும் புன்னகைத்தார்கள்.

நிலோஃபர் எழுந்துவிட்டாள்.

"சார், அவர் டாக்டர். உள்ள விடமாட்டேங்கிறாங்க."

"போலீஸ் இருப்பாங்கம்மா."

"போஸ்டை எடுத்துடுறேன்."

"எடுத்து? அது இனிமே நம்ம கையிலயா இருக்கு?"

அவள் எடுத்துவிட்டாள். திரையில் ஒன்றும் மாறவில்லை. ஒரு விரல்கூட உதட்டிலிருந்து இறங்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பலகை. வெள்ளிங்கிரி டெய்லர்ஸ். கீழே கைபேசி எண்.

அந்த எண்ணை அடித்தாள்.

"சொல்லுங்க." காற்றுபோல ஒரு குரல்.

"அண்ணே, உங்க கடைக்கு எதிர்ல..."

"மெதுவாப் பேசுங்க அம்மிணி. தூங்குதுங்க."

"தூங்கலண்ணே. அதுக்கு உடம்பு முடியல. பையோட ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. டாக்டர் அவரு. அவரை விடச் சொல்லுங்க."



"தூங்குதுன்னுதானுங்களே போட்டிருக்காங்க?"

"அதை எழுதினது நான்தான்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. இன்று அங்கே யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கவில்லை.

"எனக்கு யானையைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. பார்க்க நல்லா இருந்துச்சு. எழுதிட்டேன்."

மேசையில் கத்தரிக்கோல் வைக்கும் ஓசை. செருப்புச் சத்தம். பிறகு காது கிழிய ஒரு குரல்.

"டாக்டருங்களாமா! வழி உடுங்கய்யா!"

திரையில் அமைதி. கடை வாசலில் யாருமே இல்லை.

இணையத்தில் வரும் நேரலை எப்போதும் ஓரிரு நிமிஷம் பின்தங்கித்தான் வரும். அங்கே நடந்து முடிந்தது இங்கே இனிமேல்தான் நடக்க வேண்டும். கழுத்தில் டேப்போடு தையல்காரர் திரையில் வெளியே வந்து வாயைத் திறந்தபோது, போனில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குடங்கள் முட்டிக்கொண்டன. தண்ணீர் கொட்டியது.

"தலைல ஊத்துங்க. இன்னும், இன்னும்."

பிறகு ஒன்றுமில்லை.

வெகுநேரம்போல இருந்தது அவளுக்கு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மிணி!" தையல்காரரின் குரல் உடைந்திருந்தது. "தலையத் தூக்கிருச்சுங்க! அம்மிணி, பாக்குதுங்க, எங்களையெல்லாம் பாக்குது!"

அவள் கண்ணைத் திறந்தாள்.

திரையில் யானை அசையாமல் கிடந்தது. டாக்டர் இப்போதுதான் அதன் பக்கத்தில் மண்டியிட்டார். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜெரால்ட் சார் அவளருகே வந்தார். இன்னும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

"கம்பெனியிலிருந்து கேக்குறாங்க. ஒருவேளை செத்துப்போச்சுன்னா என்ன போடுறது? ஒரு வரி யோசி."



நிலோஃபர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஊரே கத்திக்கொண்டிருந்தது.