வரையாத படங்களுக்குக் கடன்

கோவில்பட்டி வங்கியில், இன்னும் வரையாத படங்களை அடமானமாக வாங்கிக்கொண்டு ஓவியர்களுக்குத் தொழில்கடன் கொடுத்தார்கள். மனசில் இருக்கும் படங்களைக் காட்டும் வங்கித் தொப்பியைப் பூங்கோதை தலையில் மாட்டியதும் திரையில் நாற்பத்தொரு படங்கள் வந்து குதித்தன. மீசை வைத்த நிலா, கடலை கொறிக்கும் ரயில்! அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

மேலாளர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "கடை வைக்கிற அளவுக்குக் கடன் தர இன்னும் ஒரு படம் வேணும்மா. வீட்டுல வேற யார்கிட்ட இருந்தாலும் சேர்த்துக்கலாம்."

அவள் சட்டென்று தொப்பியைக் கழற்றி, துணைக்கு வந்திருந்த கணவன் செண்பகராஜின் தலையில் கவிழ்த்தாள்.

"பஸ் ஓட்டுறவன் மண்டையில என்னட்டி இருக்கப் போவுது?" என்று நெளிந்தான் அவன்.

திரையில் ஒரே ஒரு படம் வந்தது. குச்சிக் கையும் குச்சிக் காலுமாக, பூங்கோதை தன் சொந்தக் கடை வாசலில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். பூங்கோதை வங்கி என்றும் பாராமல் புருஷனைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள்.