நூற்றுக்கு எண்பது

கடைசிப் பெட்டியை மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டு, சவுரிமுத்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். போன் அடிக்கவில்லை.

காலையில்தான் ரத்தினபாயைப் பிரசவ வார்டில் சேர்த்திருந்தான். ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள். கொழுந்தியா ஈவ்லின் கூட இருந்தாள். வாசலில் நின்று சுவரை முறைப்பதற்கு, மேடவாக்கத்தில் ஒரு காலேஜுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி தூக்கலாம் என்று செம்பாக்கத்திலிருந்து லாரி ஏறிவிட்டான்.

காலேஜில் லிஃப்ட் இருந்தது. அது பேராசிரியர்களுக்காம். படித்தவன் எதையும் சுமக்க மாட்டான். அவன் படிப்பையும் நம் முதுகில்தான் ஏற்றுவான்.

அறையில் ஏ.சி. ஓடியது. மனுஷனுக்கு இல்லை, பெட்டிகளுக்கு.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் முள் முள்ளாக ஓர் உருண்டை வரைந்திருந்தது. கூட வந்த ஜெயவேலு, வேர்வைக் கையை அதன்மேலேயே ஊன்றிக்கொண்டு, இது இன்னா, சிக்குன்குனியாவா என்று கேட்டான். போன வருஷம் வந்த முட்டிவலி அவனை இன்னும் விட்டபாடில்லை.

ஆராய்ச்சி மாணவன் வாஜித், இல்லண்ணா, எய்ட்ஸ் கிருமி என்றான்.

ஜெயவேலு கையை வெடுக்கென்று இழுத்து லுங்கியில் துடைத்தான். போதாதென்று மறுபடியும் துடைத்தான்.

"படம்டா அது. படம் வந்து ஒட்டிக்குமா? சோத்தத்தான துண்ற நீ?"

சவுரிமுத்து போட்ட போடில் ஜெயவேலு பலகையை விட்டுத் தள்ளி நின்றான். இதற்குப் போய் ஏன் இந்தக் கோபம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

சண்டையைத் தணிக்கிறவன் போல வாஜித் விளக்க ஆரம்பித்தான். கிருமியிடம் கொஞ்சம் புரோட்டீன், நம் உடம்பில் ஆயிரக்கணக்கில் புரோட்டீன். எது எதோடு ஒட்டும் என்று தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுசு போதாது. அதனால் ஒட்டும் என்று தெரிந்த ஜோடிகளைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துவார்கள். மீதியை அதுவே கணித்துச் சொல்லும்.

ஒட்டாத ஜோடிகளையும் அதற்குக் காட்ட வேண்டுமாம். ஆனால் ஒட்டாததை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆகவே கைக்கு வந்த இரண்டைச் சேர்த்து, இது ஒட்டாது என்று இவர்களே சொல்லிவிடுவார்களாம்.

சவுரிமுத்துவுக்குச் சிரிப்பு முட்டியது. பெண்ணையும் பார்க்காமல் மாப்பிள்ளையையும் பார்க்காமல் பொருத்தமில்லை என்கிற தரகனை எங்கேயும் செருப்பால் அடிப்பார்கள். இங்கே ஏ.சி. போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள்.

அந்த நோய்க்காரர் ஒருத்தரையாவது நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டான். இல்லை என்று வாஜித் ஒப்புக்கொண்டான். எல்லாம் திரையில் ஓடுகிற எழுத்துதானாம்.

சரி, இவ்வளவும் செய்து எத்தனை சரியாக வரும்?

நூற்றுக்கு எண்பது என்றான் வாஜித். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை.

"நூறு செங்கல் ஏத்தி, இருபத கீழ வுட்டா மேஸ்திரி சும்மா இருப்பானா சார்? அந்த இருபதும் எவன் தலையில வுழும்னு உங்க டப்பா சொல்லுமா?"

ஜெயவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாஜித்தும் அசடு வழியச் சிரித்தான். டீ வந்தது. சவுரிமுத்து ஜெயித்தவன் மாதிரி உறிஞ்சிக் குடித்தான்.

அப்போது போன் அடித்தது.

வராந்தாவுக்குப் போய் எடுத்தான். ஈவ்லின்தான். பையன்.

தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். வலி கண்டவுடனேயே, பிள்ளைக்கு ஒட்டாமலிருக்க, அக்காவுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளைக்கும் மருந்து புகட்டியாயிற்றாம். ஒன்றரை வயசில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் முடிவாகத் தெரியுமாம். ஆனால் மருந்து போயிருப்பதால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் தப்பித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா தைரியம் சொன்னாராம். சந்தோஷத்தில் நீங்க ராத்திரி மாத்திரைய மறந்துடாதீங்க மாமா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே ஜெயவேலு விஷயத்தைக் கறந்துவிட்டான். ஸ்வீட் வாங்கிவரக் கீழே ஓடினான். வாஜித் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சவுரிமுத்து அந்தக் கையை விடவில்லை. பலகையில் இருந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே குரலை இறக்கினான்.

"சார், நூத்துக்குத் தொண்ணூறுன்னா நல்ல நம்பர்தான?"

வாஜித் சிரித்தான். அவன் இன்னும் அந்தச் செங்கல் கிண்டலையே நினைத்துக்கொண்டிருந்தான்.

"தொண்ணூறா? அதெல்லாம் எங்களுக்குக் கிடைக்காதுண்ணா."